ஈயின் காலில் ஒரு மின்கலம்

தேநீர் அருந்திவிட்டு வைத்த தம்ளரின் விளிம்பில் ஓர் ஈ வந்து அமர்வதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதை உடனே விரட்டிவிடாமல், அரை நிமிடம் பொறுத்துக் கவனியுங்கள். ஈ விளிம்பின் மேல் நடக்கிறது. வெறும் உலோகத்தின் மீது நடக்கும்வரை அதன் வாய் தலைக்கு அடியில் மடிந்தே இருக்கிறது. தேநீர்த் துளியில் ஒரு கால் பட்டதும் சட்டென்று நிற்கிறது. மடித்து வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டி, துளியின் மீது அழுத்துகிறது. முதலில் பட்டது கால். பிறகு நீண்டது வாய். அப்படியானால் 'இங்கே சர்க்கரை இருக்கிறது' என்ற செய்தி காலிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும் அல்லவா?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஈக்கும் எனக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு, மின்கலங்களைப் பற்றிய பாடத்தின் நடுவே, ஆற்றல் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றாக மாறுவதற்கு எடுத்துக்காட்டாக இந்த ஈயைத்தான் சொன்னேன். "சர்க்கரையில் உள்ள வேதி ஆற்றல் ஈயின் நரம்பில் மின் ஆற்றலாக மாறுகிறது" என்றேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், அப்போ ஈ காலை வெச்சுக்கிட்டே இருந்தா அந்தச் சர்க்கரை தீர்ந்துபோயிடுமா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மின்கலத்தில் மின்னோட்டம் பாயப் பாயத் துத்தநாகம் கரைந்து தீர்கிறது என்று பத்து நிமிடங்களுக்கு முன்புதான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். நான் சொன்னது உண்மையானால் சர்க்கரையும் அப்படித் தீரத்தான் வேண்டும். "அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று சமாளித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே படித்தபோதுதான் தெரிந்தது: மாணவனின் கேள்வி சரி, என் எடுத்துக்காட்டுத்தான் தவறு. ஈயின் நரம்பில் பாயும் மின்சாரத்துக்குச் சர்க்கரை ஒரு துளி ஆற்றலும் தருவதில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது அந்த மின்சாரம்?

மயிருக்குள் நான்கு செல்கள்

பூச்சிகள் காலால் சுவைக்கின்றன என்பதை 1920களில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டுவைட் மின்னிச். முதலில் வண்ணத்துப்பூச்சிகளிலும் பிறகு ஈக்களிலும் அவர் சோதனை செய்தார். சோதனை எளியது. பசித்த ஈயை ஒரு சிறு பிடியில் பொருத்தி, முதலில் அதற்குத் தாகம் தீரத் தண்ணீர் காட்ட வேண்டும். தண்ணீரில் கால் பட்டும் வாயை நீட்டாத நிலை வந்த பிறகு, சர்க்கரைக் கரைசலில் காலைத் தொடச் செய்ய வேண்டும். உறிஞ்சுகுழல் நீண்டால், கால் சர்க்கரையை அறிந்துவிட்டது என்று பொருள். தண்ணீரை முதலில் கொடுத்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு படி இல்லையென்றால் இந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை.

ஈயின் பாதக் கணுக்களிலும், உறிஞ்சுகுழலின் முனையில் விரியும் இரண்டு மடல்களிலும் நுண்ணிய மயிர்கள் உள்ளன. பெரிய ஈ வகைகளில்கூட இவற்றின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆய்வகங்களில் பெரிதும் வளர்க்கப்படும் பழ ஈயான டிரோசோஃபிலாவின் ஒவ்வொரு மடலிலும் இத்தகைய மயிர்கள் 31 உள்ளன. நம் தலைமயிர் உயிரற்ற இழை. இதுவோ உள்ளே கூடான குழாய். குழாயின் நுனியில் ஒரு துளை இருக்கிறது. அதன் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மயிரின் அடியில் பெரும்பாலும் நான்கு சுவைச் செல்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய இழை ஒன்றைக் குழாய் வழியே நுனித் துளை வரை நீட்டி வைத்திருக்கிறது. பொதுவாகச் சொன்னால் ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று உப்புக்கு. இன்னொன்று, அடர்ந்த உப்பு, கசப்பு போன்ற ஈ விரும்பாத பொருள்களுக்கு. மயிருக்கு மயிர் சிறு வேறுபாடுகள் உண்டு. இவை தவிர, மயிர் வளைந்தால் உணரும் தொடுசெல் ஒன்றும் அடியில் இருக்கிறது.

நம் நாக்கிலும் சுவைச் செல்கள் இருக்கின்றன. ஆனால் அவை நரம்புச் செல்கள் அல்ல. தோலைப் போன்ற திசுவிலிருந்து உண்டாகி, சுமார் பத்து நாள்கள் வாழ்ந்து, உதிர்ந்து, மீண்டும் புதிதாக உண்டாகுபவை. மூளைக்குச் செல்லும் கம்பி அவற்றுக்குச் சொந்தமாக இல்லை. சுவையை உணர்ந்ததும் ஒரு வேதிப்பொருளை வெளியிட்டுப் பக்கத்தில் உள்ள நரம்பிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. ஈயின் சுவைச் செல் முழுமையான ஒரு நரம்புச் செல். உறிஞ்சுகுழலின் மயிரில் சர்க்கரையைத் தொடும் அதே செல், தன் மறுமுனையை மூளைக்குள் நீட்டிச் செய்தியையும் சொல்கிறது. இடைத்தரகர் கிடையாது. ஆகவே, 'ஒரு மூலக்கூறு எப்படி நரம்புச் செய்தி ஆகிறது?' என்று கேட்பவர்களுக்கு மனித நாக்கைவிட ஈயின் மயிர் வசதியான ஆய்வுப்பொருள். அமெரிக்காவில் வின்சென்ட் டெதியர் போன்றவர்கள் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை ஈக்கே கொடுத்தது வேடிக்கைக்காக அல்ல.

உணவே கம்பி

செய்தியைக் கேட்க வேண்டுமானால் மயிருக்குள் ஒரு மின்வாயை நுழைக்க வேண்டும். தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய குழாய்க்குள், அதனுள் இருக்கும் இழைகளை நசுக்காமல், எதை நுழைப்பது? 1955இல் எட்வர்ட் ஹாட்ஜ்சன், ஜெரோம் லெட்வின், கென்னத் ரோடர் என்ற மூவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு எளிய, இவ்வளவு அழகான ஆய்வு ஏற்பாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

அவர்கள் மயிருக்குள் எதையும் நுழைக்கவில்லை. நுண்ணிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் சுவைக்க வேண்டிய கரைசலை நிரப்பினார்கள். அந்தக் குழாயை மயிரின் நுனியில் தொப்பி மாட்டுவதுபோல் மாட்டினார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு உலோகக் கம்பி; அது மின்பெருக்கிக்குச் செல்கிறது. இன்னொரு மின்வாய் ஈயின் உடலில். மயிரின் நுனித் துளை திறந்திருப்பதால் கரைசல் உள்ளே இருக்கும் இழைகளைத் தொடுகிறது. ஈக்கு அது உணவு. ஆய்வாளருக்கு அதுவே கம்பி!

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். சர்க்கரைக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துமா? கடத்தாது. சர்க்கரை கரையும்போது அயனிகளாகப் பிரிவதில்லை. ஆகவே கொஞ்சம் உப்பைக் கலந்தாக வேண்டும். உப்பின் அளவை மிகக் குறைவாக வைத்து, உப்புச் செல் அதிகம் துடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். மற்றொரு குறையும் உண்டு. சுவை பட்டால்தான் இணைப்பு. இணைப்பு இருந்தால்தான் பதிவு. எனவே சுவை படுவதற்கு முன் செல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை இந்த முறையில் காணவே முடியாது. இந்தக் குறையைப் பின்னர் ஒருவர் தீர்த்தார். அவரிடம் பிறகு வருவோம்.

சர்க்கரைக் கரைசல் மயிரைத் தொட்டதும் திரையில் தோன்றியது என்ன? மேடு பள்ளமான அலை அல்ல. ஊசி ஊசியாக எழும் துடிப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடியே நீடிக்கிறது. ஒரே செல்லின் துடிப்புகள் பெரும்பாலும் ஒரே உயரம் கொண்டவை. வேறொரு செல்லுக்கு வேறு உயரம். இதை வைத்தே எந்தச் செல் பேசுகிறது என்று பிரித்தறிகிறார்கள். கரைசலில் சர்க்கரையைக் கூட்டினால் துடிப்பின் உயரம் கூடுவதில்லை. வினாடிக்கு இத்தனை என்ற எண்ணிக்கைதான் கூடுகிறது. அதுவும், சர்க்கரை பத்து மடங்கானால் துடிப்பும் பத்து மடங்காகும் என்று எண்ணிவிடாதீர்கள். நடுத்தரச் செறிவுகளில் எண்ணிக்கை ஏறத்தாழ மடக்கை விதிப்படி, மெதுவாகவே ஏறுகிறது. தொட்ட முதல் கணத்தில் துடிப்புகள் நெருக்கமாக வருகின்றன. ஒரு வினாடி கழிவதற்குள் இடைவெளி விழுந்து தளர்ந்துவிடுகின்றன. புதிதாக வந்த செய்திக்குத்தான் உரத்த குரல்!

முன்பே ஏற்றி வைத்த மின்கலம்

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். அது கொழுப்பால் ஆனது, அயனிகளை விடாது. சர்க்கரை வருவதற்கு வெகு நேரம் முன்பே, சும்மா இருக்கும் நிலையிலேயே, செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. எல்லா நரம்புச் செல்களிலும் ஏறக்குறைய இதுதான் நிலை. 70 மில்லிவோல்ட் என்பது டார்ச் விளக்கின் மின்கலம் தரும் 1.5 வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு. அற்பம் என்றுதானே தோன்றுகிறது? சவ்வின் தடிமனால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு 1 கோடி வோல்ட் என்ற மின்புலம் கிடைக்கும். காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டிலேயே பொறி பறக்கும். ஈயின் செல் சவ்வு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேலான புலத்தை அமைதியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஈயின் மயிரில் இன்னொரு சிறப்பும் உண்டு. நான்கு செல்களைச் சுற்றித் துணைச் செல்கள் சில உள்ளன. அவை பொட்டாசியம் அயனிகளை மயிர்க்குழாயில் உள்ள திரவத்துக்குள் ஓயாமல் ஏற்றி, அந்தத் திரவத்தை ஈயின் உடல் திரவத்தைவிடச் சில பத்து மில்லிவோல்ட் உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருக்கின்றன. இதை 30 என்று வைத்துக்கொள்வோம். செல்லின் உட்புறம் உடல் திரவத்தைவிட 70 தாழ்வு. மயிர்த் திரவம் 30 உயர்வு. மயிருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இழையின் சவ்வுக்குக் குறுக்கே மொத்தம் 100 மில்லிவோல்ட்! தொடராக இணைத்த இரண்டு மின்கலங்கள் போல. பொட்டாசியம் செல்லுக்குள்ளும் மிகுதி, மயிர்த் திரவத்திலும் மிகுதி. ஆகவே செறிவு வேறுபாடு அதை எந்தப் பக்கமும் பெரிதாகத் தள்ளுவதில்லை. இங்கே தள்ளுவது மின்னழுத்தம் ஒன்றே.

கலம் தயார், ஏற்றியாகிவிட்டது, சுற்று மட்டும் திறந்திருக்கிறது. அதை மூடும் சாவிதான் சர்க்கரை.

இழையின் சவ்வில் அங்கங்கே புரதத்தால் ஆன வாயில்கள் பதிந்துள்ளன. சர்க்கரை மூலக்கூறு அவற்றில் உள்ள குழி ஒன்றில் வந்து பொருந்துகிறது. பொருந்தியதும் புரதத்தின் வடிவம் சற்று மாறி, நடுவில் ஒரு துளை திறக்கிறது. வெளியே காத்திருக்கும் நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன. சர்க்கரை மூலக்கூறு சிறிது நேரம் இருந்துவிட்டு, வந்தபடியே விலகிப் போகிறது. அது உடைவதில்லை, எரிவதில்லை, தீர்வதில்லை. வீட்டில் விளக்கின் பொத்தானை அழுத்துகிறோம். விளக்கின் ஒளி நம் விரலின் ஆற்றலிலிருந்தா வருகிறது?

இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அராபினோஸ் என்ற சர்க்கரையைப் பழ ஈயின் சுவைச் செல் இனிப்பாகவே உணர்கிறது. ஈ ஆவலோடு உறிஞ்சுகிறது. ஆனால் அந்த ஈயின் உடலால் அதைப் பயன்படுத்தி ஆற்றல் பெற முடியாது. சார்பிட்டால் என்பது இதற்கு நேர் எதிர். அதை உண்டு ஈ உயிர் வாழும். ஆனால் சுவைச் செல்லுக்கு அது இருப்பதே தெரியாது. செய்தியின் ஆற்றல் சர்க்கரையிலிருந்து வருவதாக இருந்தால் இப்படி நடக்க வழியில்லை. வாயில் பார்ப்பது மூலக்கூறின் வடிவத்தை; அதன் ஆற்றலை அல்ல.

அப்படியானால் மின்கலத்தை ஏற்றுவது யார்? செல்கள் தம் ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து அயனிகளை ஏற்றுகின்றன. அந்த ஏ.டி.பி. ஈ முன்பு உண்ட உணவிலிருந்து கிடைத்தது. நேற்றுத் தின்ற சர்க்கரையின் ஆற்றலைக்கொண்டு இன்றைய சர்க்கரையை ஈ அறிகிறது. இதைத்தான் அந்த மாணவனிடம் அடுத்த வகுப்பில் சொன்னேன்.

எத்தனை அயனிகள் பாய வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. செல் சவ்வு ஒரு மின்தேக்கி. அதன் மின்தேக்குத் திறன் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட். ஒரு சதுர மைக்ரான் பரப்பை எடுத்துக்கொண்டால், அது ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து கோடியில் ஒரு பங்கு. அதன் மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் மாற்ற வேண்டிய மின்னூட்டத்தைக் கண்டு, ஓர் அயனியின் மின்னூட்டத்தால் வகுங்கள். ஏறத்தாழ 6000 அயனிகள் என்று விடை வரும். ஒரு கடுகில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஈயின் மின்கலம் அத்தனை எளிதில் தீர்ந்துவிடுவதில்லை.

அந்த வாயில் எப்படிப்பட்டது என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. நம் நாக்கில் இனிப்பை ஏற்கும் புரதம் தானே திறப்பதில்லை. செல்லுக்குள் வேறு புரதங்களைத் தூண்டி, பல படிகளுக்குப் பிறகு ஒரு வாயில் திறக்கிறது. ஈயிலும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் பழ ஈயின் சுவைப் புரதங்களுக்குரிய மரபணுக்குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டபோது, அப்புரதங்களும் நம்முடையவை போலவே சவ்வை ஏழு முறை ஊடுருவுபவையாகக் காணப்பட்டன. ஆனால் அவை சவ்வில் தலைகீழாகப் பதிந்திருந்தன! 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பட்டுப்பூச்சியின் இத்தகைய புரதம் ஒன்றை வேறு செல்களில் உண்டாக்கி, சர்க்கரை பட்டதும் அதுவே அயனி வாயிலாகத் திறப்பதைக் காட்டினார்கள். 2024இல் பழ ஈ, பட்டுப்பூச்சி ஆகியவற்றின் இனிப்பு ஏற்பிகளின் வடிவமே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடிக்கப்பட்டது. நான்கு புரதங்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக நிற்கின்றன, நடுவில் துளை, ஒவ்வொன்றிலும் சர்க்கரைக்கு ஒரு குழி. பூட்டும் கதவும் ஒன்றே.

எல்லாச் செல்களுக்கும் ஒரே வகை வாயில் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர்ச் செல்லின் வாயில் 2010இல் அடையாளம் காணப்பட்டது. அது தண்ணீர் மூலக்கூறைப் பிடிப்பதில்லை. வெளியே உள்ள கரைசல் நீர்த்துப்போனால், அதாவது சவ்வூடு பரவல் அழுத்தம் குறைந்தால் திறக்கிறது. தண்ணீரைக்கூட இயற்பியல் முறையில் சுவைக்கும் உயிரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லையென்று யார் சொல்வார்கள்?

பட்டாசுச் சரம்

அயனிகள் உள்ளே பாய்ந்தன. செல்லின் உட்புற அழுத்தம் 70லிருந்து சற்றுக் குறைந்தது. அது இன்னும் துடிப்பு அல்ல. எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு மாற்றம் என்ற, படிப்படியாகக் கூடிக் குறையும் மெல்லிய மாற்றம் அது. இதற்கு ஏற்பி மின்னழுத்தம் என்று பெயர். நான் முன்பு சொன்ன குறையைத் தீர்த்தவர் இங்கேதான் வருகிறார். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோமிச்சி மொரிட்டா மயிரின் நுனியை விட்டுவிட்டு, அதன் பக்கச் சுவரில் நுண்ணிய விரிசல் உண்டாக்கி, அங்கே மின்வாயை வைத்தார். நுனியில் சுவை, பக்கத்தில் பதிவு. சர்க்கரை படும் முன்பும் பின்பும் தொடர்ந்து பதிவு செய்ய முடிந்தது. 1959இல் அவர் வெளியிட்ட பதிவுகளில், முதலில் மெதுவாகச் சாயும் கோடும், அந்தக் கோட்டின் மேல் முளைத்த ஊசித் துடிப்புகளும் தனித்தனியே தெரிந்தன. துடிப்புகள் சர்க்கரையைத் தொடும் நுனியில் பிறப்பதில்லை. மயிரின் அடியில், செல்லின் உடலருகே பிறக்கின்றன என்றும் அவரது ஆய்வுகள் காட்டின.

இரண்டு வகை மின்மாற்றம் எதற்கு? ஒன்று போதாதா? இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தீயில் காட்டுங்கள். கொஞ்ச தூரம் சூடு தெரியும். போகப் போகக் குறைந்து மறுமுனையில் ஒன்றும் இராது. ஏற்பி மின்னழுத்தம் அப்படிப்பட்டது. நரம்பு இழை மிக மட்டமான கம்பி. அதன் தடை அதிகம், சவ்வின் வழியே கசிவும் உண்டு. மூளைக்குப் போய்ச் சேருமுன் செய்தி தேய்ந்துவிடும். தீபாவளிக்குக் கொளுத்தும் பட்டாசுச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைக்கிறது. நூறாவது வெடியும் முதல் வெடியின் அதே சத்தத்தோடுதான் வெடிக்கும். செல்லின் உடலருகே சோடியம் அயனிகளுக்கான வேறு வாயில்கள் உள்ளன. அவற்றைத் திறப்பது சர்க்கரை அல்ல, மின்னழுத்தமே. உட்புற அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அவை படீரெனத் திறக்கின்றன. சோடியம் பாய்கிறது; அடுத்த பகுதியின் அழுத்தமும் எல்லையைத் தாண்டுகிறது; அங்குள்ள வாயில்களும் திறக்கின்றன. இப்படியே மூளை வரை. சரத்துக்கும் நரம்புக்கும் ஒரே வேறுபாடு, நரம்பு சில மில்லிவினாடிகளில் மீண்டும் கொளுத்தத் தயாராகிவிடுகிறது.

இந்தத் துடிப்புக்குச் சிறியது, பெரியது என்பது கிடையாது. வெடித்தால் முழுதாக வெடிக்கும், இல்லையேல் இல்லை. எனவே 'எவ்வளவு இனிப்பு' என்பதை உயரத்தால் சொல்ல முடியாது; எத்தனை முறை என்பதால்தான் சொல்ல முடியும். பண்பலை வானொலியில் ஒலியின் ஏற்ற இறக்கம் அலையின் வீச்சாக அல்லாமல் அதிர்வெண்ணின் மாற்றமாக அனுப்பப்படுவதை நீங்கள் படித்திருக்கலாம். வழியில் வீச்சு தேய்ந்தாலும் செய்தி கெடாது. நம் பொறியாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் கண்ட உத்தியைப் பூச்சிகள் பல கோடி ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றன.

மிளகாயை விரும்பிய ஈ

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். சர்க்கரைச் செல் அனுப்புவதும் துடிப்பு. கசப்புச் செல் அனுப்புவதும் துடிப்பு. ஊசிக்கு இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. பிறகு மூளை எப்படி வேறுபடுத்துகிறது? எந்தக் கம்பியில் வந்தது என்பதைக்கொண்டுதான். வாசலில் அழைப்பு மணி ஒலித்தால் வாசலுக்குப் போகிறோம். கொல்லைப்புற மணி ஒலித்தால் கொல்லைக்குப் போகிறோம். மணியின் சத்தம் ஒன்றாகவே இருந்தாலும் கவலையில்லை.

இதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குறும்பான சோதனையால் மெய்ப்பித்தார்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருளுக்கு நம் உடலில் ஒரு வாயில் புரதம் இருக்கிறது. பழ ஈக்கு அது இல்லை. அந்தச் சோதனையில் பயன்படுத்திய அளவுக் கேப்சைசினைச் சாதாரண ஈ பொருட்படுத்துவதே இல்லை. ஆய்வாளர்கள் பாலூட்டியின் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை, ஈயின் சர்க்கரைச் செல்களில் மட்டும் இயங்கும்படி புகுத்தினார்கள். என்ன ஆயிற்று? அந்த ஈக்கள் காரப்பொருளை விரும்பி நாடின! அதே மரபணுவைக் கசப்புச் செல்களில் வைத்தபோது, அதே பொருளை விட்டு விலகின. பொருள் ஒன்று, வாயில் ஒன்று, துடிப்பும் ஒன்று. கம்பி மட்டும் வேறு.

ஒரே செல்லுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வகை வாயில்கள் இருக்கலாம் என்பதைக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டில், பம்பாயில் நடந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும், சுவை உணர்வில் பிறவிக் குறை கொண்ட பழ ஈக்களைத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். 1981இல் அவர்கள் விவரித்த ஒரு வகை ஈயில், பைரனோஸ் என்னும் ஆறணு வளையம் கொண்ட சர்க்கரைகளை ஏற்கும் வாயில் பழுதுபட்டிருந்தது. சர்க்கரைச் செல் உயிரோடுதான் இருந்தது. அதன் பூட்டுகளில் ஒன்றுதான் கெட்டிருந்தது. மரபணுக்களின் எழுத்துகளைப் படிக்கும் கருவிகள் எளிதில் கிடைக்காத காலம் அது. ஈயின் நடத்தையையும் மயிர் நுனியில் மாட்டிய கண்ணாடிக் குழாயையும் கொண்டே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

கம்பி மாறினால் சுவை மாறும் என்பது ஆய்வகக் குறும்பு மட்டும் அல்ல. இயற்கையிலும் நடந்திருக்கிறது, ஈயில் அல்ல, வீடுகளில் திரியும் ஜெர்மன் கரப்பான் பூச்சியில். 1980களில் இந்தக் கரப்பானைக் கொல்ல, குளுகோஸ் கலந்த நஞ்சுத் தீனியைப் பரவலாக வைத்தார்கள். சில ஆண்டுகளில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், அந்தத் தீனியைத் தொடாத கரப்பான்கள் தோன்றின. நஞ்சுக்குப் பழகிவிட்டனவா? இல்லை. அவை குளுகோஸையே வெறுத்தன! குளுகோஸை வெறுக்கும் பிறவிக் குணம் கொண்ட சில பிழைத்து, மற்றவை தீனியைத் தின்று மாண்டதால், வெறுப்பவற்றின் சந்ததி பெருகியது. காரணம் 2013இல் தெரிந்தது. ஆய்வாளர்கள் கரப்பானின் வாயருகே உள்ள சுவை மயிர்களில், 1955இல் கண்ட அதே முறையில், கண்ணாடிக் குழாயை மாட்டிக் கேட்டார்கள். சாதாரணக் கரப்பானில் குளுகோஸ் சர்க்கரைச் செல்லை மட்டும் துடிக்கச் செய்தது. வெறுக்கும் கரப்பானில் கசப்புச் செல்லும் துடித்தது; சர்க்கரைச் செல்லின் துடிப்போ சற்று அடங்கியிருந்தது.

இந்தக் கதையையும் வகுப்பில் சொன்னேன். அதே கடைசி வரிசை மாணவன் மறுபடியும் எழுந்தான். "சார், அப்போ அந்தக் கரப்பானுக்குக் குளுகோஸ் இனிக்குதா, கசக்குதா?" என்று கேட்டான். இந்த முறை "அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று சொல்லவில்லை. கரும்பலகையில் இரண்டு கோடுகள் இழுத்து, இரண்டிலும் ஊசிகளை வரைந்து, கசப்புக் கோட்டில் நெருக்கமாகவும் சர்க்கரைக் கோட்டில் தள்ளித் தள்ளியும் போட்டுக் காட்டினேன். "கரப்பானின் மூளைக்கு வந்து சேர்வது இவ்வளவுதான், நீயே அந்த மூளையாக இருந்தால் என்ன செய்வாய்?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "தீனிய விட்டுட்டு ஓடிடுவேன் சார்" என்றான்.